மூக்குக்குத் தெரியாத வாயுக்கள்

பசுவின் சிறுநீர் வெளியே வந்த கணத்தில் அதில் அம்மோனியா நெடி ஏறக்குறைய இல்லை. அதிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி யூரியாவாக இருக்கிறது. யூரியாவுக்கு வாடை கிடையாது. ஆனால் சாணத்தில் வாழும் பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி உண்டு. தொழுவத் தரையில் சாணமும் சிறுநீரும் கலந்ததும் அது யூரியாவை அம்மோனியாவாக உடைக்கத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் கண் எரிகிறது.

தரையைச் சற்றே சரிவாக அமைத்துச் சிறுநீரை உடனுக்குடன் வடியவிட்டு, சாணத்தைத் தனியே வழித்தெடுத்தாலே அம்மோனியா கணிசமாகக் குறைந்துவிடும். சுத்திகரிப்பு என்றதும் தொட்டி, பம்பு என்று செலவுக் கணக்கில் இறங்குபவர்கள் இந்தச் சரிவை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

கலந்தபின் தேங்கும் கழிவில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகிறது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் செரிக்காத தீவனத்தையும் புரதத்தையும் அரைகுறையாகச் சிதைக்கின்றன. பியூட்டிரிக் போன்ற கொழுப்பு அமிலங்கள், பாரா-கிரெசால், ஸ்கேட்டோல் எல்லாம் அப்படி வந்தவை. பன்றிப் பண்ணைக்குள் போய்வந்தவரின் சட்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும் வாடை இவற்றுடையது. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. இது ஆளைக் கொல்லும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினாலே மோப்ப நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பித் தொட்டிக்குள் இறங்குபவர் திரும்பி வராமல் போகலாம். கழிவைக் கலக்கும்போது அது மொத்தமாகக் கிளம்பும் என்பதால் ஆபத்து அப்போதுதான் அதிகம்.

மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மூக்குக்கு எட்டாமலே வெளியேறுகின்றன. 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட மீத்தேன் சுமார் 27 மடங்கும் நைட்ரஸ் ஆக்சைடு 273 மடங்கும் புவியைச் சூடாக்குகின்றன. ஆகவே நாற்றம் குறைந்ததை வைத்து ஒரு முறையை மெச்சிவிட முடியாது.

சாண எரிவாயுக் கலனையே எடுத்துக்கொள்ளலாம். திறந்த தொட்டியில் பாதியில் நிற்கும் சிதைவு அதில் முழுமையடைகிறது. நாறும் அமிலங்கள் மீத்தேனாக மாறுகின்றன. அதைப் பிடித்து எரித்துவிடலாம். ஆனால் நைட்ரஜன் எங்கும் போய்விடவில்லை. புரதம் சிதைந்ததில் அம்மோனியம் (அம்மோனியாவின் பறக்காத, நீரில் கரைந்த வடிவம்) கூடியிருக்கும், காரத்தன்மை கூடுவதைக் காட்டும் பி.எச். மதிப்பும் ஏறியிருக்கும். கலனிலிருந்து வெளிவரும் நீரைத் திறந்த குட்டையில் விட்டால் முன்னைவிட அதிகமாகவே அம்மோனியா பறக்கும். மூடி போட்ட தொட்டி வேண்டும்.

கழிவுக்குள் காற்றூட்டினால் நாற்றம் வேகமாக அடங்கும். மின் செலவு கடுமை. செலவுக்கு அஞ்சி அரைகுறையாகக் காற்றூட்டினால் அம்மோனியத்திலிருந்து நைட்ரேட்டுக்கும், அங்கிருந்து நைட்ரஜன் வாயுவுக்கும் போகும் வழியில் நைட்ரஸ் ஆக்சைடு நழுவி வெளியேறிவிடுகிறது.

டென்மார்க்கில் பல பண்ணைகள் கழிவில் கந்தக அமிலத்தைக் கலக்கின்றன. பி.எச். 9.25 அளவில் பாதி அம்மோனியா பறக்கத் தயாராக இருக்கும், அதை 5.5 வரை இறக்கினால் கிட்டத்தட்ட முழுவதும் அம்மோனியமாகி நீரிலேயே கட்டுண்டுவிடும். மீத்தேன் நுண்ணுயிர்களும் அந்தப் புளிப்பில் முடங்குகின்றன. அதனாலேயே இந்தக் கழிவை எரிவாயுக் கலனில் அதிகம் சேர்க்க முடியாது. சல்ஃபேட் அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடாகத் திரும்பி வரும்.

செலவில்லாத ஒரு வழியும் உண்டு: தொட்டியைக் கோடைக்கு முன் அடிவரை காலி செய்வது. அடியில் தங்கும் பழைய கசடு மீத்தேன் நுண்ணுயிர்கள் நிறைந்த விதை. அது இல்லாவிட்டால் புதிய கழிவில் அவை பெருக நாளாகும்.

சில கழிவுக் குட்டைகள் திடீரென ஊதா நிறத்துக்கு மாறும். ஏதோ விஷம் கலந்துவிட்டதென்று பதறத் தேவையில்லை. வெயிலைக் கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கந்தகமாக்கி, கொழுப்பு அமிலங்களையும் தின்னும் பாக்டீரியாக்களின் நிறம் அது. அத்தகைய குட்டையில் நாற்றம் குறைவு. அடிச்சேற்றிலிருந்து மீத்தேன் குமிழ்கள் மட்டும் வழக்கம்போல் மேலே வந்துகொண்டுதான் இருக்கும்.