ஹூஸ்டன் போட்ட பாட்டு

நாசாவின் விண்வெளி ஓடங்கள் ('ஸ்பேஸ் ஷட்டில்') பறந்துகொண்டிருந்த 2011 வரை, அதில் வீரர்கள் தூங்கப் போய்விட்டால் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையம் வாய் திறக்காது. கலத்தின் காற்றழுத்தம், மின்சாரம், வெப்பநிலை எல்லாம் தரையில் உள்ள திரைகளில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனாலும் அவசரம் என்று ஏதாவது வந்தாலொழிய எட்டு மணி நேரத்துக்கு யாரும் குரல் கொடுக்கமாட்டார்கள். அந்த மௌனத்தைக் கலைத்தது பெரும்பாலும் ஒரு பாட்டு. அது ஓய்ந்ததும், குழுவோடு பேசும் பொறுப்பில் இருக்கும் 'கேப்காம்' காலை வணக்கம் சொல்வார். அன்றைய பாட்டு யாருக்கானதோ அவர் மேலிருந்து நன்றி சொல்வார். குரல் தொடர்பு திறந்துவிட்டது, வேலை நாள் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இப்படி எழுப்பிய பாட்டுகளை நாசா வரலாற்றுப் பிரிவு தொகுத்த பட்டியல் 1965 டிசம்பரில் ஆரம்பிக்கிறது. ஜெமினி 6 கலத்தில் இருந்த வால்டர் ஷிராவுக்கும் தாமஸ் ஸ்டாஃபர்டுக்கும் 'ஹலோ, டாலி' போட்டார்கள். 1972இல் அப்பல்லோ 17 குழுவின் செர்னனும் ஷ்மிட்டும் நிலவின் பள்ளத்தாக்கு ஒன்றில் தூங்கி எழுந்தபோது ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'வால்கிரிகளின் சவாரி' முழங்கியது. பெட்டி போன்ற சின்னக் கலத்துக்குள் அத்தனை பெரிய இசைக்குழுவா என்று சிரிப்பு வரத்தான் செய்கிறது.

எழுப்புவதற்கு ஆள் எதற்கு? பூமியில் நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வது வெளிச்சம். காலை ஒளியில் உள்ள நீலக்கூறு விழித்திரையின் குறிப்பிட்ட சில செல்களைத் தூண்டும். உறக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் சுரப்பு அடங்கும். சுற்றுப்பாதையிலோ சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு விடியல், நாளைக்கு 16. எந்த விடியலை நம்பி எழுவது? போதாக்குறைக்கு, ஓடம் எப்போது தரையிறங்க வேண்டும் என்பதைச் சுற்றுப்பாதைதான் தீர்மானிக்கும். அந்த நேரத்துக்குக் குழுவைப் பழக்க, படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். உடம்பு ஒரு மணி சொல்லும், அட்டவணை வேறு மணி சொல்லும். ஒதுக்கப்பட்டது எட்டு மணி நேரம் என்றாலும் ஓட வீரர்கள் சராசரியாக ஆறு மணி நேரம்தான் தூங்கினார்கள் என்று 2014இல் வெளியான ஆய்வு சொன்னது. முக்கால்வாசிப் பேர் தூக்க மாத்திரையும் எடுத்திருக்கிறார்கள்.

அப்படித் தூங்கியவர்களை 'பீப் பீப்' என்று எழுப்புவதில் இன்னொரு சிக்கல். விண்கலத்தில் அலறும் ஒலிக்கெல்லாம் அர்த்தம் உண்டு: தீ, காற்றுக் கசிவு, எந்திரக் கோளாறு. தினமும் காலையில் அந்த நினைப்போடு கண்விழிப்பது நல்லதல்ல. கண்விழித்த முதல் சில நிமிடங்களில் மூளை இன்னும் பாதித் தூக்கத்திலேயே இருக்கும். தவறான பொத்தானை அழுத்தக்கூடிய நேரம் அது. மெல்லிசை அலாரத்தில் எழுபவர்களுக்கு இந்த மந்தம் குறைவாகத் தெரிகிறது என்று 2020இல் ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கண்டது. பங்கேற்றவர்கள் தாங்களே சொன்ன பதில்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வு என்பதால், அதை வைத்து நாசாவின் வழக்கத்துக்கு முத்திரை குத்திவிட முடியாது.

பாட்டு போன வழி சுற்றுவழி. ஓடம் பறந்தது சில நூறு கிலோமீட்டர் உயரத்தில்தான். பாட்டோ ஹூஸ்டனிலிருந்து நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸ் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் தொடர்புச் செயற்கைக்கோளுக்கு ஏறி, பிறகு ஓடத்துக்கு இறங்கும். இந்த வரிசையில் முதல் செயற்கைக்கோள் 1983இல்தான் போனது. அதற்கு முன்பு கலம் ஏதாவது ஒரு தரை நிலையத்தின் தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களுக்குள் பேச்சையும் பாட்டையும் முடித்தாக வேண்டும். ஓடத்தின் குரல் அலைவரிசை நொடிக்கு 32,000 பிட் மட்டுமே சுமந்தது. ஒரு குறுந்தகட்டில் நொடிக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல் இருக்கிறது. பேச்சுக்கென்றே வடிவமைத்த குழாயில் இசையைத் திணித்தால், அந்தக் கால டிரங்க் காலில் யாரோ ரேடியோவைப் பக்கத்தில் வைத்த மாதிரிதான் கேட்கும்.

டிஸ்கவரி ஓடத்தின் கடைசிப் பயணத்துக்கான சில பாட்டுகளைப் பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் வென்ற 'ப்ளூ ஸ்கை' பாட்டை 2011 மார்ச்சில் பிக் ஹெட் டாட் அண்ட் தி மான்ஸ்டர்ஸ் குழுவினர் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்துக்கே வந்து நேரலையில் பாடினார்கள். ஓடக் குழுவுக்கு நேரடியாகப் பாடப்பட்ட முதல் பள்ளியெழுச்சி அது. ஒரு வழிப் பயணத்துக்கே கால் நொடி ஆகும் என்பதால், வீரர்கள் கூடவே பாடியிருந்தால் தரையில் அரை நொடி பின்தங்கிக் கேட்டிருக்கும். தாளம் போயிருக்கும்!

கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியா ஓடத்தின் 2003 பயணத்தில் குழு சிவப்பு, நீலம் என இரு அணிகளாகப் பிரிந்து 24 மணி நேரமும் ஆய்வு செய்தது. ஓர் அணி படுக்கும்போது மற்றது எழும் என்பதால் பாட்டும் அணிக்கு அணி தனித்தனி. சிவப்பு அணியில் இருந்த கல்பனாவுக்காக அவருக்குப் பிடித்த டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்பேஸ் டிரக்கின்' ஒலித்தது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் இந்த வழக்கம் இல்லை. மாதக்கணக்கில் இருப்பவர்கள் கிரீன்விச் நேரம் காலை 6 மணிக்கு அவரவர் அலாரத்தில் எழுந்துகொள்கிறார்கள். அங்கே 2016 முதல் பொருத்தப்பட்ட எல்.இ.டி. விளக்குகள் தேவைக்கேற்ப நீலம் கூடிய வெளிச்சமும், படுக்கும் முன் மஞ்சள் சாய்ந்த வெளிச்சமும் தருகின்றன. உடல் கடிகாரத்தைப் பொறுத்தவரை பாட்டைவிட இதுதான் உருப்படியான ஏற்பாடு என்பேன்.

அப்படியானால் பாட்டு யாருக்கு? செவ்வாய் ஊர்திகளைப் பார்த்தால் பிடிபடும். ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி, கியூரியாசிட்டி எல்லாவற்றுக்கும் காலைப் பாட்டு போட்டார்கள். ஊர்திக்குக் காது கிடையாது. பாட்டு கேட்டது கலிபோர்னியாவில், ஊர்திகளை இயக்கும் நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகக் கட்டுப்பாட்டு அறையில் மட்டும்தான். செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிடச் சுமார் 40 நிமிடம் நீளம். அந்த நேரப்படி வேலை செய்தவர்கள் தினமும் 40 நிமிடம் தள்ளி வேலைக்கு வர வேண்டும். இரண்டரை வாரத்தில் பகல் வேலை நள்ளிரவு வேலையாகிவிடும். எழுப்ப வேண்டியிருந்தது அவர்களைத்தான். கியூரியாசிட்டி குழு முதல் 90 செவ்வாய் நாட்கள் அப்படி ஓட்டிவிட்டு, பூமி நேரத்துக்கே திரும்பிவிட்டது.