நடராஜரும் டுரியான் பூவும்

மார்கழித் திருவாதிரை நெருங்கினால் எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் அந்தப் படம் வந்துவிடும். ஜெனீவா பக்கத்து செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் 2 மீட்டர் உயர நடராஜர். கீழே, "தில்லைக் கூத்தனை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது" என்று யாராவது எழுதியிருப்பார்கள். சிலை உண்மைதான், 2004இல் இந்தியா கொடுத்த அன்பளிப்பு. ஆனால் விஞ்ஞானம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. சிலைக்குப் பக்கத்தில் உள்ள பலகையில் இருப்பது ஃபிரிட்ஜாஃப் காப்ரா என்ற இயற்பியலாளரின் வரிகள்.

காப்ரா 1939இல் வியன்னாவில் பிறந்தவர். ஒருநாள் கடற்கரையில் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வானிலிருந்து பொழியும் துகள்களின் ஆட்டம் கண்ணுக்கே தெரிவதுபோல் இருந்தது, அது சிவ தாண்டவம் என்று பட்டது என 1975இல் வந்த 'தி டாவோ ஆஃப் ஃபிசிக்ஸ்' நூலில் எழுதினார்.

அந்த மழை கற்பனை இல்லை. விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் புரோட்டான் ஒன்று நம் தலைக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அணு ஒன்றில் மோதுகிறது. மோதிய வேகமே புதுத் துகள்களாகிறது. அவை சிதைந்து மியூவான்கள், அதாவது எலக்ட்ரானைப் போன்ற ஆனால் கனமான துகள்கள், பிறக்கின்றன. மியூவானின் சராசரி ஆயுள் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளி வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் தாண்ட முடியும். அப்புறம் எப்படித் தரைவரை வருகிறது? அவ்வளவு வேகமாக ஓடும் பொருளின் கடிகாரம் நமக்கு மெதுவாகத்தான் ஓடும்; ஐன்ஸ்டைன் சொன்னது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு முன் கையை நீட்டிப் பாருங்கள். உள்ளங்கை வழியாக விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் போய்க்கொண்டிருக்கிறது. பிறந்து, ஓடி, அழிந்து வேறொன்றாவது: இதைத்தான் காப்ரா தாண்டவம் என்றார்.

உவமை அழகு. ஆனால் உவமையை நிரூபணமாக எடுத்துக்கொண்டால் வம்பு. அடிப்படைத் துகள் என்று எதுவுமே கிடையாது, எல்லாத் துகளும் ஒன்றையொன்று சார்ந்தே இருக்கின்றன என்ற 1960களின் கோட்பாட்டை காப்ரா பிடித்துக்கொண்டார். கீழை ஞானத்தோடு அது கச்சிதமாகப் பொருந்தியது. நூல் வருவதற்கு முந்தைய ஆண்டே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு புதுத் துகள், புரோட்டான் போன்றவை குவார்க் என்ற அடிப்படைத் துகள்களால் ஆனவை என்ற எதிர்க் கொள்கையின் பக்கம் தராசைச் சாய்த்துவிட்டது. இயற்பியலை வைத்து அவர் கட்டிய பாலத்தில் பாதி அப்போதே ஆட்டம் கண்டது என்பேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது பிற்கால காப்ராதான். 1980களிலிருந்து அவர் உயிர்களின் பக்கம் திரும்பினார். ஓர் உயிரைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் புரியாது, அது எதனோடெல்லாம் கட்டுண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். இதற்கு மறைஞானம் எதுவும் தேவையில்லை. கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலைக் குகையும் அதன் வௌவாலும் போதும்.

அதே சிலாங்கூர் மாநிலத்து உலு லங்காட்டில் என் சித்தப்பாவுக்கு ஏழு டுரியான் பழ மரங்கள். பூக்கும் பருவத்தில் காலையில் போனால் தரையெல்லாம் இதழ்கள் கொட்டிக் கிடக்கும்.

"பாரு தம்பி, வௌவாலு எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிருக்கு."

"சித்தப்பா, அது தின்னதில்ல. தானா உதிர்ந்தது."

டுரியான் பூ சாயங்காலம் விரியும். இருட்டிய பிறகுதான் மகரந்தம் வெளிவரும். விடிவதற்குள் இதழும் கேசரமும் விழுந்து, சூலகம் மட்டும் காம்பில் நிற்கும். புளித்த பால் மாதிரி ஒரு வாடை அடிக்கும். அதற்குத்தான் குகை வௌவால் வருகிறது. நீண்ட நாக்கால் தேனை நக்கும்போது நெஞ்சு ரோமத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். பல டுரியான் மரங்கள் தன் மகரந்தத்தில் சரியாகக் காய்க்காது, அடுத்த மரத்து மகரந்தம் வேண்டும். அதைச் சுமந்து வருவது இந்த வௌவால்.

இதன் வீடு சுண்ணாம்புக் குகை, பத்துமலைக் குகையும் அதில் ஒன்று. சரி, டுரியான் பூப்பது சில வாரம்தானே, மீதி நாளெல்லாம் எதைச் சாப்பிடும்? வாழைப்பூ, பெத்தாய் மரத்துப் பூ, அப்புறம் கடலோர அலையாத்திக் காட்டின் பெரெம்பாங் மரத்துப் பூ. அதற்காக ஒரே இரவில் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் பறக்கும் என்று 1970களில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கோலசிலாங்கூரில் படகில் போய் மின்மினி பார்த்திருப்பீர்களே, அவை மொய்க்கும் மரமும் பெரெம்பாங்தான்.

ஆக, கடலோரத்தில் இறால் குளத்துக்காக அலையாத்தியை வெட்டினாலும், சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் குன்றை உடைத்தாலும், அடி விழுவது எங்கோ மலையடிவாரத்து டுரியான் மரத்தில். பத்துமலையிலேயே ஒரு காலத்தில் கல்லுடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது பூக்கும் பருவத்தில் தோட்டத்து விளக்கை அணைத்துவிடுகிறார். ரம்புத்தான் மரத்து வலையை மட்டும் கழற்ற மாட்டாராம். "அதைத் தின்னுறது வேற வௌவாலு. அதுக்கும் ஒரு கதை சொல்லாத."