நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

இந்தியாவில் சைவம் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்? 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் நாடு முழுக்க 29,999 பேரைச் சந்தித்துக் கேட்டது. 39 சதவீதம் பேர் தாங்கள் சைவம் என்றார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில், 2019-21இல், ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் மீன், கோழி, இறைச்சி எதையும் சாப்பிடுவதே இல்லை என்றவர்கள் பெண்களில் 29.4 சதவீதம், ஆண்களில் வெறும் 16.6 சதவீதம்.

இரண்டுமே பொறுப்பாகச் செய்யப்பட்ட ஆய்வுகள். வயது வரம்பில் வித்தியாசம் உண்டு: பியூ 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் கேட்டது, அரசுக் கணக்கெடுப்பு 15 முதல் 49 வரை. ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அது மட்டும் காரணமாகாது. பியூ கேட்டது "நீங்கள் சைவமா?" என்று. அது ஒருவர் தன்னை யாராக நினைக்கிறார் என்பதைக் கேட்கும் கேள்வி. அரசுக் கணக்கெடுப்போ ஒவ்வொரு உணவாகப் பெயர் சொல்லி, தினமுமா, வாரம் ஒருமுறையா, எப்போதாவதா, ஒருபோதும் இல்லையா என்று கேட்கிறது. வீட்டில் சைவம், வெளியே போனால் சிக்கன் பிரியாணி என்று இருப்பவர் முதல் கேள்விக்கு "ஆமாம்" என்றும் இரண்டாவதற்கு "எப்போதாவது" என்றும் சொல்லலாம். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு கேள்விக்கு இரண்டு பதில், அவ்வளவுதான். (மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் "எப்போதாவது" கூட வராது என்பது வேறு கதை.)

உணவு ஆய்வில் கலந்துகொள்ளும்படி உங்களை யாராவது கேட்டால், நீங்கள் சந்திக்கப்போகும் கேள்விகளில் மிக எளிதாகத் தெரிவது "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்பது. கேட்பவருக்குத்தான் அது கடினம். மனிதர்கள் மூன்று வேளைச் சாப்பாட்டைச் சொல்லிவிடுவார்கள். நாலு மணி டீயோடு கடித்த பிஸ்கட்டும், குழந்தை மிச்சம் வைத்த தோசையும் நினைவுக்கு வராது. அதனால் அமெரிக்க வேளாண் துறை ஒரே நாளை ஐந்து சுற்றுகளில் கேட்கும் முறையை உருவாக்கியது. முதலில் நினைவுக்கு வருவதையெல்லாம் குறுக்கிடாமல் சொல்ல விடுவார்கள். அப்புறம் எல்லோரும் வழக்கமாக மறக்கும் பானம், நொறுக்குத்தீனி, இனிப்பு போன்றவற்றைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். பிறகு எந்த நேரத்தில் என்று, பிறகு எவ்வளவு, எப்படிச் சமைத்தது என்று, கடைசியாக "வேறு ஏதாவது?" என்று. நம் ஊரில் 1972இல் ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பின் ஆட்கள் அளவுக் கிண்ணங்களோடு வீடுகளுக்குப் போனார்கள். "ஒரு கரண்டி சாம்பார்" என்றால் எந்தக் கரண்டி என்ற கேள்வி வருமே!

இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டும் உண்மை வருகிறதா? அதைச் சோதிக்க, நினைவை நம்பாத ஒரு வழி வேண்டும். அந்த வழி தண்ணீரில் கிடைத்தது. கனமான ஹைட்ரஜனும் (டியூட்டீரியம்) கனமான ஆக்சிஜனும் (ஆக்சிஜன்-18) கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கிறார்கள்; கதிரியக்கம் கிடையாது, பாதுகாப்பானது. உடலை விட்டு அந்த ஹைட்ரஜன் வெளியேறுவது சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் என்று தண்ணீராக மட்டுமே. ஆக்சிஜனோ தண்ணீராகவும் போகும், கார்பன் டை ஆக்சைடாகவும் போகும். எனவே ஆக்சிஜன் சற்று வேகமாகக் குறையும். இரண்டு வாரம் போலச் சிறுநீரைச் சோதித்து, இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசத்தைப் பார்த்தால், உடல் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு உண்டாக்கியது என்று தெரியும். அதிலிருந்து எத்தனை கலோரி எரித்தது என்பதும் தெரியும். எடை மாறாமல் இருக்கும் ஒருவர் எரித்த அளவுதான் சாப்பிட்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் 484 பேரை இப்படிச் சோதித்த ஆய்வின் முடிவு 2003இல் வெளியானது. நேற்றைய சாப்பாட்டைக் கேட்டபோது ஆண்கள் 12 முதல் 14 சதவீதமும் பெண்கள் 16 முதல் 20 சதவீதமும் கலோரியைக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். "கடந்த ஓராண்டில் இதை எவ்வளவு அடிக்கடி சாப்பிட்டீர்கள்?" என்ற நீண்ட படிவத்திலோ இரு பாலாரும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்திருந்தார்கள். மறதியும் உண்டு, கூச்சமும் உண்டு. எது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். உடல் பருமன் கூடக்கூடக் குறைத்துச் சொல்வதும் கூடுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பதில் சொல்பவரைத் திட்டி இதைச் சரிசெய்ய முடியாது. குறைவு எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிந்தால் கணக்கில் திருத்திக்கொள்ளலாம். அதற்குத்தான் அந்தத் தண்ணீர்ச் சோதனை.

யாரைக் கேட்கிறோம் என்பதும் இதே அளவு முக்கியம். பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற பெரிய உடல்நல ஆய்வு சுமார் 92 லட்சம் பேருக்கு அழைப்பு அனுப்பியது, வந்தவர்கள் 5.5 சதவீதம். வந்தவர்களில் புகைபிடிப்பவர்களும் பருமனானவர்களும் பொதுமக்களில் இருப்பதைவிடக் குறைவு. உடம்பைப் பற்றி அக்கறை உள்ளவர்கள்தானே இதற்கெல்லாம் நேரம் ஒதுக்குவார்கள்! அதனால்தான் மக்கள்தொகை முழுவதையும் பற்றிச் சொல்ல வேண்டிய கணக்கெடுப்புகள் வீட்டைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கின்றன. "எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது, பக்கத்து வீட்டு டீச்சரைக் கேளுங்கள்" என்று நீங்கள் சொன்னாலும் அவர்கள் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். நாள்களையும் ஆண்டு முழுக்கப் பரப்பிக்கொள்கிறார்கள். புரட்டாசியில் மட்டும் தமிழ்நாட்டில் இறைச்சியைப் பற்றிக் கேட்டால் என்ன கிடைக்கும்?

எத்தனை நாளைக் கேட்பது என்பதில்தான் இந்தியாவின் பெரிய சண்டை நடந்தது. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, வீட்டுச் சாப்பாட்டுச் செலவை நீண்ட காலம் 30 நாள் கணக்கில் கேட்டுவந்தது. 1990களின் நடுவில் ஒரு சோதனை: சில வீடுகளில் 30 நாள், குலுக்கலில் விழுந்த வேறு சில வீடுகளில் உணவுக்கு 7 நாள். ஏழு நாள் கேட்ட வீடுகளில் உணவுச் செலவு சுமார் 30 சதவீதம் கூடுதலாகப் பதிவானது. வறுமையைக் கணக்கிட்டது இந்தச் செலவுக் கணக்கை வைத்துத்தான். அந்த ஏழு நாள் கணக்கை எடுத்துக்கொண்டால் நாட்டின் ஏழைகள் தொகை ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஒருவர்கூடக் கூடுதலாக ஒரு கவளம் சாப்பிடாமலேயே! பிறகு 1999-2000இல் இரண்டு கேள்வியையும் ஒரே படிவத்தில், ஒரே ஆளிடம், பக்கத்தில் பக்கத்தில் கேட்டார்கள். ஒரு பதிலைப் பார்த்து மற்றதைச் சரிக்கட்டத்தானே தோன்றும்? 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 ஆனது என்று அறிவிப்பு வந்தது. வறுமை குறைந்ததா, கேள்வி மாறியதா என்று பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள்.

2022-23 கணக்கெடுப்பில் இன்னொரு மாற்றம். ஒரே அமர்வில் நீண்ட பட்டியலைக் கேட்டால் பதில் சொல்பவர் களைத்துப்போகிறார் என்பதால், உணவுக்கு ஒருமுறை, மற்ற அன்றாடப் பொருள்களுக்கு ஒருமுறை, நீண்ட நாள் உழைக்கும் பொருள்களுக்கு ஒருமுறை என்று 2,61,746 வீடுகளுக்கு மும்மூன்று தடவை போனார்கள். முறை என்று பார்த்தால் இது முன்னேற்றம்தான். ஆனால் 2011-12 புள்ளிவிவரத்தோடு இதை நேராக ஒப்பிடலாமா என்ற வாதமும் கூடவே தொடங்கிவிட்டது.