ஒற்றை ஓடுபாதையில் இரண்டு விமானங்கள்

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதைதான். நீளம் சுமார் 1,800 மீட்டர். விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்களே வந்து போகும் இடத்தில் தரை மோதலா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் 583 பேரைப் பலிகொண்ட, விமான வரலாற்றின் மிகக் கொடிய மோதல் நடந்த, ஸ்பெயினின் டெனரீஃப் தீவிலுள்ள லாஸ் ரோடியோஸ் நிலையத்திலும் ஓடுபாதை ஒன்றுதான்.

1977 மார்ச் 27 அன்று பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், பெரிய விமானங்கள் லாஸ் ரோடியோஸுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அவை நின்ற நெருக்கடியில் பக்கவழி அடைபட்டது. புறப்பட வேண்டியவை ஓடுபாதை மீதே ஊர்ந்து மறுமுனைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. நிலையமோ கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல். ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் மேகம் திடீரென்று இறங்கி எதிரே வரும் பஸ்ஸை விழுங்கிவிடுமே, அப்படித்தான் அன்று ஓடுபாதையையும் மூடியது. விமானங்களுக்கு ரேடியோவில் அனுமதி தரும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் தரை ரேடாரும் இல்லை.

இத்தகைய விபத்தைத் துப்புத்துலக்குபவர்கள் 'யார் தவறு?' என்று தொடங்குவதில்லை. பாதை காலியாக இருக்கிறது என்று ஒருவர் நம்ப எது காரணம் என்பதே அவர்களின் கேள்வி. விடை பெரும்பாலும் கடிகாரக் கணக்கில் கிடைக்கிறது. விமானி அறையின் குரல்பதிவு, வேகத்தையும் திசையையும் குறிக்கும் தரவுப்பதிவு, கோபுரத்தின் ரேடியோ பதிவு ஆகிய ஒவ்வொன்றும் தன் போக்கில் நேரம் காட்டும். அவற்றைப் பொருத்த ஓர் அழகான வழி உண்டு. விமானி மைக் பொத்தானை அழுத்தும் கணம் தரவுப்பெட்டியில் பதிவாகிறது. அவர் குரல் கோபுரத்தின் பதிவிலும் விழுகிறது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், யார் எந்த வினாடியில் எதைக் கேட்டார், எதைக் கேட்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

டெனரீஃபில் வெளிப்பட்டது இதுதான்: புறப்படவிருந்த விமானத்திடம் கோபுரம் 'ஓகே' என்றது, சற்றுவிட்டு, 'டேக் ஆஃபுக்குக் காத்திருங்கள், அழைக்கிறேன்' என்றது. அதே கணத்தில், அதற்கு எதிரே ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருந்த மற்றொரு விமானம், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்றது. ஒரே அலைவரிசையில் இரு குரல்கள் மோதினால் கேட்பவருக்கு மிஞ்சுவது கீச்சொலி. நான்கு வினாடிக்கும் குறைவான அந்தக் கீச்சொலியில் இரு எச்சரிக்கைகளும் கரைந்தன. வேகமெடுத்துக்கொண்டிருந்த விமானியின் காதில் தெளிவாக விழுந்தது 'ஓகே' மட்டும். அனுமதிக்காகக் காத்திராமல் கிளம்பியது அவர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவரோடு கணக்கை முடித்திருந்தால் அந்த 'ஓகே' அடுத்த நிலையத்திலும் ஒலித்துக்கொண்டே இருந்திருக்கும். இப்போது 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, அதற்கு அனுமதி தரும்போதோ ரத்துசெய்யும்போதோ மட்டுமே கோபுரம் உச்சரிக்க வேண்டும்.

இத்தாலியில் மிலனின் லினாட்டே நிலையத்தில் 2001 அக்டோபர் 8 அன்று 118 பேர் இறந்த ஓடுபாதை மோதலுக்குக் காரணங்கள் பல: பனிமூட்டம், இயங்காத தரை ரேடார், வழி காட்டத் தவறிய பலகைகளும் கோடுகளும்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் கடலோரக் காவல்படை விமானத்திடம் 'நீங்கள் முதலாவது' என்று கோபுரம் சொன்னது. வரிசையில் முதலிடம் என்பதே அதன் பொருள். ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி கிடைத்ததாக விமானி எண்ணிவிட்டார். தரையிறங்கிய பயணிகள் விமானம் மோதியது. அதிலிருந்த 379 பேரும் தப்பினர். காவல்படை விமானத்தில் ஐவர் இறந்தனர். அதன்பின் வரிசை எண் சொல்லும் வழக்கத்தையே ஜப்பான் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது.