நன்றி வேறு, பெருந்தன்மை வேறு: ஓர் உளவளத்துணையாளரின் வேண்டுகோள்

"நன்றி கெட்ட பிள்ளை" என்ற புகாருடன் உளவளத்துணைக்கு அழைத்து வரப்படுகிறவர்களை மட்டக்களப்பில் பல ஆண்டுகளாகச் சந்தித்து வருகிறேன். அண்மையில் வந்த ஒரு குடும்பத்துக்குப் பின்னர், இனியும் இதைப் பொதுவில் பேசாமல் இருப்பது சரியல்ல என்று பட்டது. அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையைச் சேர்ந்த, தந்தையை இழந்த குடும்பம் அது. மூத்தவரான அண்ணன் கட்டாரில் உழைத்து, எங்கள் பகுதி வழக்கப்படி தங்கைக்குச் சீதனமாகப் போக வேண்டிய வீட்டைக் கட்டி முடித்திருந்தார். படித்து வேலைக்குச் சென்ற தங்கை, தான் விரும்பியவரையே மணக்கப்போவதாகச் சொன்னதும் வீடு இரண்டுபட்டது. தூக்கமின்மையோடும் ஓயாத வயிற்றெரிவோடும் வைத்தியசாலைக்குப் போன தங்கையை, கேஸ்ட்ரிக் மாத்திரைகளால் பயன் கிடைக்காததால் எங்களிடம் அனுப்பினார்கள். (நம் ஊரில் மனச்சுமை முதலில் கேஸ்ட்ரிக் என்ற பெயரில்தான் வைத்தியரிடம் போகிறது, அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.) கூட வந்த அண்ணன், தான் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள் முழுவதையும் ஒரு கோப்பில் அடுக்கி எடுத்து வந்திருந்தார். "இவளுக்கு நான் என்ன குறை வெச்சன், மிஸ்? இண்டைக்கு என்ட ஒரு சொல்லுக் கேக்கிறாள் இல்லை" என்றார்.

அவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர் அப்படிப்பட்டவர் அல்லர். தன் இளமையைப் பாலைவன வெயிலில் கழித்த மனிதர். ஆனால் தங்கையிடம் நன்றி இல்லை என்று அவர் சொன்னது உண்மையல்ல. தங்கை தனியே பேசியபோது, அண்ணன் பட்ட பாட்டைத்தான் அதிகம் சொன்னார், சொல்லிச் சொல்லி அழுதார். நன்றி அங்கே நிறைந்தே கிடந்தது. அண்ணன் எதிர்பார்த்தது அதையல்ல, கீழ்ப்படிதலை.

எனக்கு மிகுந்த எரிச்சலை உண்டாக்கும் தவறான நம்பிக்கை இதுதான்: உதவி பெற்றவர், தன் வாழ்க்கையின் முடிவுகளை உதவி செய்தவரின் கையில் ஒப்படைப்பதே நன்றி என்பது. அப்படியல்ல. ஒருவர் எனக்காகச் சிரமப்பட்டார் என்பதைக் காண்பதும், அதை மறவாதிருப்பதும், வாய் திறந்து சொல்வதும், அவருக்கு ஒரு தேவை வரும்போது என்னால் இயன்றதைச் செய்வதும் நன்றி. யாரை மணப்பது, எங்கே வேலை செய்வது, எந்தப் பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது, காணியை யார் பெயரில் எழுதுவது என்பவை இந்தப் பட்டியலில் இல்லை. இதைச் சொன்னால், "அப்படியெண்டால் செய்தவனுக்கு என்ன மிச்சம்?" என்று உடனே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கிற இடத்திலேயே உதவி கொடுக்கல் வாங்கலாக மாறிவிடுகிறது என்பதை அவர்களுக்குப் புரியவைக்க எனக்குப் பல அமர்வுகள் தேவைப்படுகின்றன.

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. 2006இல் உளவியலாளர் பிலிப் வொட்கின்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வொன்று நன்றியுணர்வையும் கடன்பட்ட உணர்வையும் பிரித்துப் பார்த்தது. உதவியவர் பிரதியுபகாரத்தை எவ்வளவு அதிகம் எதிர்பார்க்கிறாரோ, பெற்றவரிடம் கடன்பட்ட உணர்வு அவ்வளவு கூடியது, நன்றியுணர்வு குறைந்தது. அதாவது, "நான் செய்ததை நினைத்துப் பார்" என்று நாள்தோறும் ஞாபகப்படுத்துகிறவர், தான் தேடும் பொருளைத் தானே அழித்துக்கொண்டிருக்கிறார்.

செய்ந்நன்றி கொன்றவருக்கு உய்வில்லை என்ற குறளை என் மேசைக்கு முன்னால் எத்தனையோ பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தக் குறள் பெற்றவர் தன்னை நோக்கிச் சொல்லிக்கொள்ள வேண்டியது. கொடுத்தவர்களுக்கு வள்ளுவர் தனியே ஒப்புரவறிதல் என்று 22ஆம் அதிகாரம் வைத்திருக்கிறார். அதன் முதற்குறள் மழையைக் காட்டி, கைம்மாறு எதிர்பாராமல் செய்யச் சொல்கிறது. கொடுத்தவர்கள் செய்ந்நன்றி பற்றிய 110ஆம் குறளை மட்டும் மனனம் செய்துகொண்டு, தங்களுக்குரிய 211ஆம் குறளை மறந்துவிடுவது நியாயமல்ல.

பெருந்தன்மை இங்கேதான் நன்றியிலிருந்து பிரிகிறது. நன்றிக்கு முன்னதாக ஓர் உதவி நடந்திருக்க வேண்டும். பெருந்தன்மைக்கு அப்படி எதுவும் நடந்திருக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது கரையோரத்திலிருந்து ஓடி வந்தவர்களுக்கு உள்ளூர்க் கிராமங்களில் சோறு சமைத்துப் பார்சல் கட்டியவர்கள், அதை யார் உண்ணப்போகிறார்கள் என்று அறியாமலே கட்டினார்கள். பின்னர் எழுந்த வீட்டுத் திட்டங்கள் பலவற்றின் வாசலில் நன்கொடையாளரின் பெயர்ப்பலகை இன்றும் நிற்கிறது. அந்த வீடுகளும் தேவையானவைதாம். குறை சொல்ல வரவில்லை. ஆனால் சோற்றுப் பார்சலில் பெயர் எழுதியிருக்கவில்லை. பெருந்தன்மை கைப்பொருளோடு முடிவதுமில்லை. மற்றவரின் கடுஞ்சொல்லுக்குப் பின்னால் பயம் இருக்கலாம் என்று எண்ண இடம் கொடுப்பது, தன்னால் வளர்ந்தவர் தன்னைத் தாண்டிப் போகும்போது மகிழ்வது, செய்ததற்குக் கணக்கு வைக்காமல் விடுவது எல்லாம் அதற்குள் அடங்கும்.

இரண்டும் எப்போதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். தன்னை வேலையில் சேர்த்துவிட்டவரை ஆயுள் முழுக்கக் கும்பிடும் ஒருவர், தனக்குக் கீழே வேலை செய்யும் இளைஞனின் விடுமுறைக் கடிதத்தில் ஒப்பமிட மனம் வராதவராக இருப்பதை அலுவலகங்களில் காணலாம். அவரிடம் நன்றி உண்டு, பெருந்தன்மை இல்லை. மறுபுறத்தில், அரிஸ்டாட்டில் வரைந்து காட்டிய பேருள்ளம் படைத்த மனிதர் கொடுப்பதில் மகிழ்கிறார், பெறுவதற்கு வெட்கப்படுகிறார். தான் செய்தவற்றை நினைவில் வைத்து, பெற்றவற்றை மறக்கிறார். அப்படிப்பட்ட கொடைவள்ளல்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் கடையில் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தால்கூடப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பெறத் தெரியாதவரிடமிருந்து பெறுவது எவ்வளவு கனமானது என்பதை அவர்களின் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு தவறான பிரயோகத்தையும் கண்டிக்க வேண்டும். கணவனிடம் அடிவாங்கி வரும் பெண்ணிடம், "உன்னையும் பிள்ளைகளையும் வைத்துச் சோறு போடுகிறான், நன்றியோடு இரு" என்று ஒரு மாமி சொல்வார். "நீதான் பெருந்தன்மையாக விட்டுக்கொடு" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே அநியாயம். மிரட்டிப் பெறும் விட்டுக்கொடுப்புக்குப் பெருந்தன்மை என்று பெயர் சூட்டாதீர்கள். வட்ஸ்அப்பில் சுற்றும் "தினமும் நன்றி எழுதுங்கள்" பயிற்சியையும் இப்படிப்பட்டவர்களுக்கு அனுப்ப வேண்டாம். நன்றிக்குரியவற்றைப் பட்டியலிட்டவர்களின் மனநலன் மேம்பட்டதை 2003இல் உளவியலாளர்கள் எமன்ஸும் மக்கலாவும் காட்டியது உண்மை. ஆனால் அது தன் கவனத்தைத் தானே திருப்பிக்கொள்ளும் பயிற்சி. அடிவாங்குகிறவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு.

கொடுக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். திரும்பி வர வேண்டிய பணமென்றால் கடனென்று சொல்லியே கொடுங்கள், தொகையையும் தவணையையும் எழுதிக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் எதுவுமில்லை. கடனைத் தானமென்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் பத்து வருடம் கழித்து வட்டியாக ஒரு மனிதரைக் கேட்காதீர்கள். சபையில் வைத்து, குறிப்பாக மாப்பிள்ளை வீட்டார் முன்னால், செய்ததைச் சொல்லிக்காட்டாதீர்கள். உங்கள் உழைப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று வலித்தால், அந்த வலியை வலியாகவே சொல்லுங்கள்: "எனக்குத் தனிமையாக இருக்கிறது" என்ற வாக்கியம் "நீ நன்றி கெட்டவள்" என்பதைவிட விரைவாகக் காதில் விழும்.

பெற்றவர்களே, உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். மறுப்பதற்கு முன் நன்றியைச் சொல்லிவிடுங்கள், முழுமையாக, குறிப்பாக, எந்த வருடத்தில் என்ன செய்தார் என்பது வரை. அதற்குப் பிறகு, உங்கள் மறுப்பைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் "ஆனால்" போட்டு இணைத்தால் முதற்பாதி யார் காதிலும் ஏறாது.

பிள்ளையைத் "திருத்தித் தரச்" சொல்லி எங்களிடம் அழைத்து வருகிறவர்கள், தாங்களும் பேச வேண்டியிருக்கும் என்ற ஆயத்தத்தோடு வாருங்கள். பிரதேச செயலகங்களிலுள்ள உளவளத்துணை உத்தியோகத்தர்களை இதற்கெல்லாம் கட்டணமின்றி அணுகலாம். மனநல உதவிக்கான தேசிய தொலைபேசி இலக்கம் 1926. வீட்டில் வன்முறையை எதிர்கொள்ளும் பெண்களுக்கு 1938.