பழைய தாமிரக் குழிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

போன மாசம் அக்கா பையன் வாட்ஸப்ல ஒரு வீடியோ அனுப்பினான். மாரத்தஹள்ளியில இருந்து ஃப்ரெண்ட்ஸோட பைக்ல சித்ரதுர்கா பக்கம் போயிருக்கான், அங்க எங்கயோ பழைய தாமிரச் சுரங்கக் குழி ஒன்னுக்குள்ள இறங்கி, செல்ஃபோன் டார்ச் அடிச்சுக்கிட்டு ரீல்ஸ். ஃபோன் போட்டு திட்டினேன். "ஒன்னும் ஆகலயே மாமா, பாறையெல்லாம் ஸ்ட்ராங்கா தான் இருந்துச்சு"ன்னான். பாறைய பத்தி யாருடா கேட்டா? நான் 22 வருஷம் மைன்ஸ்ல வென்டிலேஷன், அதாவது உள்ள நல்ல காத்து போக வைக்கற வேலை பாத்தவன், எனக்கு பயமே காத்து தான்.

ஊர்ல கிணறு தூர் வார்றதுக்கு முன்னாடி கயித்துல அரிக்கேன் வெளக்க கட்டி உள்ள விடுவாங்கல்ல, அணைஞ்சா ஆள் இறங்க மாட்டாங்க. இங்கயும் அதே கதை தான். வெளிக்காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம், நம்ம சுரங்க விதிப்படி 19க்கு கீழ போனா அங்க ஆள வேலைக்கு விடக்கூடாது, 16, 17 கிட்ட மெழுகுவத்தி அணையும், 10க்கு கீழ போனா நின்ன எடத்துலயே சுருண்டு விழ வேண்டியது தான். பல நேரம் மூச்சு முட்டற மாதிரி கூட தெரியாது.

தாமிரக் குழியில இது இன்னும் மோசம், ஏன்னா தாமிரக் கல்லோட கந்தகமும் இரும்பும் சேந்தே கெடக்கும், ஈரம் பட்டா துருப்பிடிக்கற மாதிரி காத்துல இருக்கற ஆக்சிஜன அது இழுத்துக்கும். அப்படி வர்றது தான் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) மயில்துத்தமும் (தாமிர சல்பேட்). ஸ்வீடன்ல ஃபாலுன்னு ஒரு பெரிய தாமிரச் சுரங்கம், அங்க 1677ல காணாம போன ஒரு தொழிலாளி 1719ல அழுகாம அப்படியே கெடைச்சாரு, அந்தத் துத்தத் தண்ணியில ஊறிப்போய். யாருன்னே தெரியாம வச்சிருந்தப்போ ஒரு வயசான அம்மா வந்து, இவரு எனக்கு நிச்சயம் பண்ண மாப்பிள்ளைன்னு அடையாளம் சொன்னாங்களாம். அவங்களுக்கு 42 வருஷம் ஏறிப்போச்சு, இவரு அதே வயசுல. காட்சிப்பொருளா எல்லாம் வச்சு, அந்த மனுஷன கடைசியா பொதைச்சது 1930ல. அவர் உடம்ப கெடாம வச்ச அதே சமாச்சாரம் தான் குழிக்குள்ள காத்தையும் தின்னுது.

இரும்புக்கு நம்ம பக்கம் இந்த தொல்லை கம்மி, குதிரைமுக், பல்லாரி எல்லாம் மேலாப்ல வெட்டினது. கீழ இறங்கி வெட்டினா அது வேற தலைவலி, ஸ்வீடன் கிருனாவுல இரும்புக்காக தோண்டித் தோண்டி ஊரே நகர வேண்டியதாச்சு, 2025 ஆகஸ்ட்ல சர்ச்ச அப்படியே வண்டியில ஏத்தி கொண்டு போனாங்க.

அந்தக் காலத்துல சுரங்கத்துக்குள்ள காத்து ஓடறதுக்கு ஒரு ஷாஃப்ட் (நேரா கீழ இறங்கற குழி) அடியில தீ மூட்டுவாங்க, சூடான காத்து மேல ஏற ஏற, அடுத்த ஷாஃப்ட் வழியா புதுக்காத்து இறங்கும். ரெண்டு வழி வேணும்ங்கறது சட்டமாகவே ஒரு விபத்து தேவைப்பட்டுச்சு. இங்கிலாந்து ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கத்துல 1862ல பம்ப் எஞ்சினோட பீம் ஒடைஞ்சு இருந்த ஒரே ஷாஃப்ட்ல விழுந்து அடைச்சுக்கிச்சு, 204 பேர் செத்துட்டாங்க. போகப் போக தீக்கு பதிலா ஃபேன் வந்துச்சு. நம்ம கோலார் தங்கச் சுரங்கத்துல 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம் போக முடிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம். 2001ல அத மூடினாங்க. மைன்ஸ் மூடினா ஃபேனும் நின்னுடும், குழி மட்டும் அப்படியே இருக்கும்.

"நேத்து போனேன், நல்லா தான் இருந்துச்சு"ங்கறது கணக்கே இல்ல. மழைக்கு முன்னாடி வெளிய காத்தழுத்தம் கொறையும்போது உள்ள தேங்கின கெட்ட காத்து வாய் வரைக்கும் வந்துடும், நேத்து ஒன்னும் ஆகாத எடத்துல இன்னிக்கு ஆள் விழலாம்.

மெழுகுவத்தி எடுத்துட்டு போனா போதுமா மாமான்னு கேட்டான். போதாது, அது எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயு இருக்கலாம்.

கூட வந்தவன் உள்ள விழுந்துட்டா தூக்கறேன்னு இறங்காதீங்க, ரெண்டாவது சாவு பெரும்பாலும் அப்படித்தான். மேல நின்னுக்கிட்டே 112க்கு போடுங்க, காத்து சரியில்லாம இருக்கலாம்னு மொதல்லயே சொல்லிடுங்க, சிலிண்டர் மாஸ்க்கோட வருவாங்க. சிக்னல் இல்லன்னா ஒருத்தன் ரோட்டுக்கு ஓடணும், மத்தவன் அங்கயே நிக்கணும், இல்லன்னா திரும்பி வரும்போது எந்தக் குழின்னே தெரியாது.