பரணிலிருந்து இறக்கிய ரேடியோவை உடனே பிளக்கில் சொருகாதீர்கள்

"நாலு நிமிஷம் நல்லாத்தான் பாடுச்சு அண்ணே. அப்புறம் கருகுன வாசம் வந்துச்சு." தாத்தாவின் வால்வு ரேடியோவைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்த தம்பி சொன்னது இது. முப்பது வருஷம் பரணில் கிடந்த பெட்டியைத் துடைத்து, நேராக 230 வோல்ட்டில் சொருகியிருக்கிறார். பின்பலகையைக் கழற்றினேன். ஸ்பீக்கருக்குப் பாட்டை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகி, அதன் மெழுகு சேஸியில், அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டில், வழிந்து உறைந்திருந்தது.

இதற்குக் காரணம் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு காகித கண்டென்சர். பாட்டை மட்டும் ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84 வால்வின் கிரிட்டுக்கு (வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) விட்டு, முந்தைய வால்வின் டிசி வோல்ட்டேஜைத் தடுப்பது அதன் வேலை. உள்ளே ஈரம் ஏறினால் டிசியும் கசியும். கிரிட் பாசிட்டிவ் ஆனதும் வால்வு கரண்டை அள்ளி இழுக்கும், பிளேட் சிவக்கும், டிரான்ஸ்பார்மர் எரியும். இதையெல்லாம் செய்யும் கண்டென்சரின் விலை ஒரு டீக்காசு! எந்த செட் வந்தாலும் நான் அதைச் சோதித்துக்கூடப் பார்ப்பதில்லை, முதல் வேலையாக மாற்றிவிடுவேன். டிசியைச் சீராக்கும் பில்ட்டர் கண்டென்சர் காய்ந்துபோயிருந்தால் அதுவும் அப்படித்தான்.

முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பை சீரியஸில், அதாவது ரேடியோவுக்குப் போகும் ஒரு வயரின் நடுவே, போடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் பயமில்லை. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பில்ட்டர் கண்டென்சரில் 250 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் அடிக்காமல், 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்குங்கள்.

இதைவிட ஆபத்தானது ஏசி, டிசி இரண்டு கரண்டிலும் ஓடும் ஏசி/டிசி செட். யுஎல்41, யுசிஎச்42 என்று வால்வின் பெயர் 'யு'வில் தொடங்கினால் அநேகமாக அந்த வகைதான். அதில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் கிடையாது, சேஸியே கரண்ட் லைனோடு சேர்ந்திருக்கும். பிளக் திரும்பிவிட்டால் சேஸி முழுக்க பேஸ், அதாவது ஷாக் அடிக்கும் லைன். குமிழ் கழன்று தண்டு வெளியே தெரிந்தால், தொடுகிற குழந்தைக்கு முழு ஷாக். செட்டை மெயின்ஸ் லைனிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நான் அதன் பின்பலகையில் கை வைப்பதே இல்லை.

தம்பியின் செட்டுக்கு வேறு டிரான்ஸ்பார்மர் கிடைத்தது. பழைய காகிதக் கூட்டைக் குடைந்து, புதுக் கண்டென்சரை அதற்குள்ளேயே வைத்து மெழுகால் அடைத்தேன். பின்பலகையைத் திறந்து பார்த்தால் தாத்தா வாங்கிய பெட்டி மாதிரியேதான் இருக்கிறது.